ஞாயிறு ஓகே... திங்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை நாலே முக்கால் மணிக்கு நீங்க என்ன பண்ணிக்கிட்டிருப்பீங்க? 'இதென்ன கேள்வி, தூங்கிட்டிருப்பேன்' என்கிறீர்களா? அந்த நேரத்தில் சென்னை திருவான்மியூர் பக்கம் ஒரு எட்டு வந்து பாருங்கள். ஹெல்மெட், பளபளா ஜாக்கெட், பின்னால் மினுக் மினுக் சிவப்பு விளக்கு என்று இருபது முப்பது சைக்கிள்கள் நிற்கும். ஐ.டி. இளைஞர், காலேஜ் பொண்ணு, ரிட்டயர்டு பேங்க் அங்கிள்... எல்லாரும் ஒரே கும்பல். போகிற இடம், மாமல்லபுரம். போக சுமார் 45 கி.மீ., வர அதே 45!

தொண்ணூறா என்று மயக்கம் போட வேண்டாம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நிதானமாக மிதித்தாலே ரெண்டேகால் மணி நேரத்தில் மாமல்லபுரம் வந்துவிடும். ஈ.சி.ஆரில் மலையா இருக்கு? மேடு என்று சொன்னால் முட்டுக்காடு பாலம்தான். அஞ்சு மணிக்குக் கிளம்பினால் விடிகிற நேரத்துக்கு அந்தப் பாலத்தில் இருப்பீர்கள். ஒரு பக்கம் கடல் மேல் சூரியன், இன்னொரு பக்கம் அசையாத காயல் தண்ணி. செல்போனை எடுக்கலாம், தப்பில்லை. ஆனா பாலத்தைத் தாண்டி, ஓரமா நிறுத்திட்டு எடுங்க பாஸ்!

இதே ரோட்டில் காரில் பலமுறை போயிருப்பீங்க. ஏ.சி.யைப் போட்டு, கண்ணாடியை ஏத்திவிட்டு, பாட்டைக் கேட்டபடி. சைக்கிளில் போனால்தான் கோவளம் நெருங்கும்போது மீன் வாசனை மூக்கைத் தொடும். சவுக்குத் தோப்பில் காத்து விசிலடிப்பது காதில் விழும். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் கிராமம், வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை, சாளுவன்குப்பம் புலிக்குகை... எல்லாம் பெயர்ப் பலகையாகப் பறந்து போகாமல் நிஜ ஊர்களாக வந்து நிற்கும்.

காத்தோட குணமும் சைக்கிள்காரருக்குத்தான் தெரியும். மார்ச், ஏப்ரலில் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பிவிட்டால், திரும்பி வரும்போது முதுகைப் பிடித்துத் தள்ளிவிடும். நவம்பரில் உல்டா! வடகிழக்குக் காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைக்கும். அப்போதுதான் குரூப்போட அருமை புரியும். முன்னால் போகிறவர் காத்தைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் வருபவருக்கு மிதிப்பது லேசாகிவிடும். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருந்தவர் ஒதுங்க, அடுத்தவர் வந்து காத்தை வாங்கிக்கொள்வார். கடைசி ஆள் ஒருத்தர் உண்டு. பஞ்சரோ, கால் பிடிப்போ, யார் பின்தங்கினாலும் அவரோடு நிற்பதுதான் அவர் வேலை. முன்னால் 'குழி!' என்று ஒரு குரல் கேட்டால் அது வரிசையின் கடைசி வரைக்கும் போய்ச் சேரும். பெயர் தெரியாத ஒருத்தருக்காக நீங்க கத்துவீங்க. நம்ம டிராஃபிக்கில் இதை வேற எங்க பார்த்திருக்கீங்க?

சரி, இப்போ கொஞ்சம் சீரியஸ்.

ஞாயித்துக்கிழமை 90 கி.மீ. மிதிக்கிற நம்மில் எத்தனை பேர் திங்கட்கிழமை ஆபீசுக்கு 5 கி.மீ. சைக்கிளில் போகிறோம்? 'பெட்ரோலுக்குக் காசில்லையா மச்சி?' என்ற கிண்டல். சைக்கிளைப் பார்த்ததும் 'பின் கேட்டுக்குப் போப்பா' என்கிற செக்யூரிட்டி. இடதுபக்கம் உரசுகிற மாதிரி வந்து ஹாரன் அடிக்கும் பஸ். பயம் நியாயம்தான். ஆனால், அதே ரோட்டில் தினமும் பேப்பர் போடும் பையன், டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிற அண்ணன் எல்லாம் ஹெல்மெட், விளக்கு எதுவும் இல்லாமல்தான் போகிறார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை வேணும் என்று நாம் கேட்டால், அது நம்ம கியர் சைக்கிளுக்கு மட்டும் இல்லை, முதலில் அவங்களுக்குத்தான்.

சைக்கிள் நமக்கு ஃபாரின் சரக்கும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தண்ணி எடுக்க, வேலைக்குப் போக, யாரையும் எதிர்பார்க்காமல் அவங்களே கிளம்பினாங்க. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவங்க உங்க கிளாஸிலேயே இருப்பாங்க. காலேஜ் சேர்ந்ததும் அந்த சைக்கிள் எங்கே போச்சு?

புதுசா வாங்கணும்னு அவசியமே இல்லை. மாடிப்படிக்குக் கீழே தூசியோடு நிற்கிறதை வெளியே எடுங்க. டயரில் காத்து, செயினில் எண்ணெய், ரெண்டு பிரேக்கும் பிடிக்குதா என்று ஒரு செக். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு. தலைக்கு ஹெல்மெட். முதல் ஞாயிறு 10 கி.மீ. போதும், மாமல்லபுரம் எங்கேயும் ஓடிப் போகாது.

அப்புறம் வாரத்தில் ஒரே ஒரு வேலைநாள்... காலேஜுக்கோ, ஆபீசுக்கோ அதே சைக்கிளில் போய்ப் பாருங்க. சிக்னலில் பக்கத்தில் ஒரு டீ கேன் சைக்கிள் நின்றால் சும்மா ஒரு புன்னகை. அவரும் உங்க குரூப்தான்!