செருப்புக் கடைக்கு அழகு எதற்கு?

பி.காம் படிக்கிறவனுக்கு இன்டீரியர் டிசைனில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாமாவின் கடைக்கு வந்த கொட்டேஷன் 3 லட்சம். அதற்கு அத்தையின் நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடும்போது, காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவன் சும்மா இருக்க முடியுமா?

கடை மீஞ்சூர் பஜாரில், 10 அடிக்கு 20 அடி. டிசைனர் கொடுத்த படம் உண்மையிலேயே அழகு. இரண்டு பக்கச் சுவரிலும் 6 அடி உயரம் வரை காடி வெட்டிய எம்.டி.எஃப் பலகை, அதில் கழற்றி மாட்டும் சின்னச் சின்னத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒற்றைச் செருப்பு, மேலே மஞ்சள் விளக்கு. மால் மாதிரியே இருந்தது. படத்தில் ஒரே ஒரு பொருள்தான் இல்லை. அட்டைப்பெட்டி!

செருப்புக் கடை என்பது உண்மையில் பெட்டிக் கடை (அந்தப் பெட்டிக்கடை இல்லை!). 40 டிசைன், 3 நிறம், 6 சைஸ் என்றால் சைஸுக்கு ஒரே ஜோடி வைத்தாலும் 720 பெட்டி. பெட்டியின் முகப்பு ஏறக்குறைய 20 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். 20 அடிச் சுவரில் 8 அடி உயரத்துக்கு அடுக்கினால், பலகைக் கனத்தைக் கழிக்காமல் 600 பெட்டி நிற்கும். காட்சிக்கு வைக்கும் ஒரு செருப்புக்கு 30க்கு 25 செ.மீ. வேண்டும். அதாவது ஒரு செருப்பு பளிச்சென்று உட்கார மூன்று பெட்டிகள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். டிசைனரின் படத்தில் பெட்டிக்கு மிஞ்சுவது மேலே உள்ள 2 அடி மட்டும். இரண்டு சுவரும் சேர்த்து 300. மீதி 420 பெட்டி குடோனுக்கு. பையன் போய் 8ஆம் நம்பரை எடுத்து வருவதற்குள் வந்தவர் அடுத்த கடையில் காலை விட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, மீஞ்சூர் காற்று. ஒரு பக்கம் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள். இன்னொரு பக்கம் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். திறந்து வைத்த கறுப்பு ஷூ சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். மழைக்கால ஈரத்தில் எம்.டி.எஃப் ஓரம் உப்பும்.

அதனால் நான் சொன்னது பழைய ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக். மாடுலர் என்று இன்று புதுசாகச் சொல்கிறார்களே, இது அதற்குத் தாத்தா. டிமிட்ரியஸ் கொமினோ என்பவர் லண்டனில் அச்சகம் நடத்தியவர். ஒவ்வொரு தடவையும் புதிதாக ரேக் செய்து வீணாக்குவது பிடிக்காமல், கழற்றி மறுபடி பூட்டும் துளையிட்ட இரும்புச் சட்டத்தை யோசித்தார். 1947இல் டெக்ஸியான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும். பவுடர் கோட்டிங் அடித்தால் துரு சீக்கிரம் பிடிக்காது.

ஒரு சுவர் முழுக்கப் பெட்டி, 600. எதிர்ச் சுவரில் 3 அடியிலிருந்து ஐந்தரை அடி வரை மட்டும் காட்சி. அதில் 60 செருப்பு அடங்கும். அதற்கு மேலும் கீழும் 420 பெட்டி. மொத்தம் 1020. வாசல், கல்லா எல்லாம் போனாலும் 720 தாராளமாக நிற்கும்.

மாமாவுக்குப் பிடித்தது ஜூன் மாதக் கணக்குதான். ஸ்கூல் ஷூவை யாரும் பார்த்து ரசித்து வாங்குவதில்லை. கறுப்பு, வெள்ளை, சைஸ் இருக்கா, அவ்வளவுதான். அந்த மாதம் காட்சித் தட்டுகளை நெருக்கிப் பூட்டி அங்கேயும் பெட்டி அடுக்கலாம். தீபாவளிக்கு மறுபடி விரிக்கலாம். 3 லட்ச ரூபாய் சுவரில் தட்டை இடம் மாற்றலாமே தவிர, 33 செ.மீ. நீளப் பெட்டி அதில் உட்காராது.

ரேக், பெயின்ட், விளக்கு எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்தில் பேசி முடித்திருக்கிறார்கள். டிசைனர் சொன்ன மஞ்சள் விளக்கை மட்டும் மாமா விடவில்லை (அது நல்லாத்தான் இருக்கும்). அத்தையின் வளையல் பீரோவிலேயே இருக்கிறது. வாசல் பக்கத்துக் கீழ்த் தட்டு மட்டும் சேஃப்டி ஷூவுக்கு. கனம் அதிகம், கம்பெனி ஆட்கள் ஷிப்ட் முடிந்து ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் வருவார்கள். ஐ.எஸ் 15298 முத்திரை கண்ணில் படும்படி திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.