கேணியிற் கழிந்த முதுவேனில்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ ஏதேனும் எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். கல்லூரியின் வரலாற்றையும் அதன் பெருமையையும் எழுத என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். நான் எழுதப் புகுவதோ நமது ஆசிரியர் அறையைப் பற்றி. அதிலும், அவ்வறையில் இருப்போர் ஆண்டுக்கு ஒருநாள் அதனை விட்டு வெளியே போவதைப் பற்றி.

இளவேனில் சித்திரையும் வைகாசியும், முதுவேனில் ஆனியும் ஆடியும் என்று பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகின்றேன். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று வெளிவந்த நாள் முதலாக இப்பாடத்தைத் தவறவிட்டதில்லை. ஆயினும் முதுவேனில் எப்படியிருக்கும் என்று வெளியிற் சென்று பார்த்தவனல்லேன். விடுமுறை வந்தால் தனியார் வகுப்பு. அது முடிந்தால் விடைத்தாள். கோடை எனக்கு ஓலைக் கொட்டகையின் வெக்கையாகவே கழிந்தது.

மற்றையோர் அவ்வாறிருக்கவில்லை. இரண்டாந் தவணை முடியுந் தறுவாயில் ஆசிரியர் அறையில் ஒரு பெரும் விவாதம் எழும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் ஒருநாள் எல்லோருமாக எங்கே போவது? உடற்கல்வி ஆசிரியருக்குக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைமேல் தீராக் காதல். சமய பாட ஆசிரியர், குறிகட்டுவானிற் படகேறி நயினாதீவுக்குப் போகவேண்டும் என்பார். சோளகக் காற்றிற் படகு ஆடுமே என்று அஞ்சுவோர் அதை மறுப்பர். செலவுக்கு அஞ்சிய ஒருவர், மாலையிற் பண்ணைப் பாலத்தடியில் நின்றாலே போதிய காற்று வருமே என்று ஆண்டுதோறும் கூறுவார். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. பகலெல்லாம் கொதித்த நகரம், பொழுது சாய்ந்ததும் அப்பாலத்தடியிலன்றோ மூச்சு விடுகின்றது.

கணித ஆசிரியர் மட்டும் ஆண்டு தவறாமல் ஒரே இடத்தைக் கூறுவார்: கீரிமலை. அவரே மூத்தவர் ஆதலாற் பெரும்பாலும் அவர் சொல்லே வெல்லும். ஒருமுறை, போகாதவனாகிய நான் வாய் சும்மா இராமல், “எந்தக் கணக்குக்கும் மாஸ்ரரிட்டை விடை ஒண்டுதான், கீரிமலை” என்றேன். அறை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார்.

2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அவர் என் மேசையடிக்கு வந்து, “வாற வருஷம் நான் ஓய்விலை போயிடுவன். இந்த முறையாவது வாருமன்” என்றார். அதன்மேலும் மறுக்க நாணி உடன்பட்டேன்.

வான் ஒன்றை அமர்த்திக்கொண்டு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். காங்கேசன்துறை வீதியாற் கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் கடந்து தெல்லிப்பழையில் இறங்கினோம். அங்கே உறவினர் ஒருவரின் வளவிற் கூழ் காய்ச்சுவதென்று ஏற்பாடு. தீர்த்தமாடப் போகிறோமாதலின் சைவக் கூழே என்று முடிவாயிற்று. நண்டும் இறாலும் இல்லாதது கூழாகாது, கஞ்சியே என்று உடற்கல்வி ஆசிரியர் இறுதிவரை வாதாடினார். பின்னர் மும்முறை வாங்கிக் குடித்தவரும் அவரே. ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுக் கயர்ப்பு நீங்க வடித்தெடுத்துப் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் முருங்கையிலையும் வெந்த பானையில் விட்டுத் துழாவும் வேலை விஞ்ஞான ஆசிரியருடையது. பலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி, பனை நிழலில் வட்டமாக இருந்தோம். ஆண்டு முழுவதும் இடாப்பையும் நேரசூசியையும் பற்றியன்றி வேறொன்றும் பேசாத மனிதர் தம் பிள்ளைப்பிராயத்துக் களவுகளையெல்லாம் அன்று ஒப்புக்கொண்டனர். எழுதத் தக்கவை அல்லவாதலின் அவற்றை விடுகின்றேன்.

பிற்பகல் கேணிக்குப் போனோம். ஆறில்லாத நாடு நம் நாடு. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, நிலத்தின்கீழ் உவர்நீரின்மேல் மிதந்து, கரையோரத்தில் ஊற்றாக வெளிவருகின்றது. ஒரு சுவருக்கு அப்பாற் கடல் அலை அடிக்க, இப்பாற் குளிர்ந்த நன்னீர் நிற்பதைக் கண்டால் எவருக்கும் வியப்பே தோன்றும். நகுல முனிவருக்குக் கீரிமுகம் நீங்கிற்று என்ற கதையை ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்பவன் நான். ஆயினும் எனக்கு நீந்தத் தெரியாது. படியில் இருந்து செம்பால் அள்ளிக் குளித்தேன்.

கணித ஆசிரியர் நீரில் மீன்போற் புரண்டுவிட்டு என்னிடம் வந்தார். “இறங்கும். நான் பிடிக்கிறன்” என்றார். நாற்பது வயதில், மாணவர் எவரேனும் பார்க்கின்றனரோ என்று சுற்றுமுற்றும் நோக்கிவிட்டு இறங்கினேன். முதுகின்கீழ் அவர் கை இருந்தது. “தலையைத் தூக்காதையும். தண்ணியோடை சண்டை பிடிக்காமற் கிடவும்.” சிறிது நேரத்தில் அந்தக் கை அங்கே இல்லை என்பதை உணர்ந்தேன், உணர்ந்த கணமே அமிழ்ந்து, மூக்கினுள் நீர் புக எழுந்தேன். நான்காம் முறை மிதந்தேன்.

படியில் ஈரத்தோடு இருந்தபோது, “உங்களுக்கு எங்கை நீச்சல் பழக்கினவை?” என்று கேட்டேன்.

“இஞ்சைதான். அப்பா.”

பின்பு கையை நீட்டிக் கிழக்கே காட்டினார். தொலைவில் ஒரு பனங்கூடல். அதில் மற்றவற்றினும் உயர்ந்து இரண்டு பனைகள் சேர்ந்து நின்றன. “அந்த இரட்டைப் பனை எங்கடை வளவு. வீடு இல்லையாம். கிணறு இருக்குதாம் எண்டு சொல்லுகினம்.” 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் உடுத்த உடையுடன் அவர் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. போர் 2009இல் ஓய்ந்தபின் கேணிக்குப் போகவர முடிந்தது. அவர் காணியோ முள்வேலிக்கு அப்பாலேயே கிடந்தது.

ஆசிரியர் அறையில் நான் சொன்ன பகடி அப்போது என் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடங்கொடாமல், “தனிய வந்தால் அழுகை வருது. உங்களோடை வந்தால் பசிதான் வருது. மிச்சக் கூழ் வானுக்கை கிடக்கோ எண்டு பாரும்” என்றார்.

2019இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஈராண்டுகளும் கொள்ளைநோயாற் கழிந்தன. 2022இல் எரிபொருள் இல்லை, வானும் இல்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் நாங்கள் ஐவர் துவிச்சக்கரவண்டிகளிற் புறப்பட்டோம். ஏறத்தாழப் 12 கட்டை தூரம், சோளகம் முதுகில் நின்று தள்ளியது. தெல்லிப்பழைச் சந்தியில், தோளிற் துவாயுடன், சைக்கிளை ஒரு கையாற் பிடித்தபடி எங்களுக்கு முன்னரே வந்து நின்றார் அவர்.

கேணிப் படியில் ஏறியதும் கிழக்கே நோக்கினோம். இரட்டைப் பனையில் ஒன்று தலையிழந்து நின்றது.

“ஒண்டு போட்டுது” என்றார். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “மற்றது நிக்குது. வாரும், இண்டைக்குக் குப்புற நீந்தப் பழக்கிறன்” என்று கூறிக்கொண்டே நீரில் இறங்கினார்.