குப்பைமேனி



இன்று காலை கடலூரில் நடைப்பயிற்சி போகும்போது வேலியோரம் குப்பைமேனி கண்ணில் பட்டது. சிறுவயதில் எங்களுக்குச் சிரங்கு வந்தால், அம்மா இதன் இலையை உப்போடு அரைத்துப் பூசுவார். ஹோமியோபதியில் ‘அகாலிபா இண்டிகா’ என்பதும் இந்தச் செடிதான். இருமலில் ரத்தம் வந்தால் தருவார்கள்.

சிதம்பரத்தில் என் அண்ணனுக்கு அப்படி ரத்தம் வந்தபோது, அந்தச் சொட்டு மருந்தை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இரண்டு மாதம் போயிற்று. பிறகு சளியைச் சோதித்ததில் காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். அப்போது வீட்டில் கைக்குழந்தை இருந்தது; இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

செடி மேல் குறையில்லை, அவசரப்பட்டது நான். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ, ரத்தம் வந்தாலோ முதலில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.