பாவு நீட்ட ஒரு ஆள் போதுமா?

"கம்ப்யூட்டர் வேலைதானம்மா? வீட்டுல உக்காந்தே பார்க்கலாமே. எதுக்கு விழுப்புரம் வரைக்கும் போகணும்?"

2023 ஜனவரியில் அப்பா இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இதழியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் 28, 29 தேதிகளில் விழுப்புரத்தில் 'மினி டெப்கான்ஃப்' நடந்தது. டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்களும் பயன்படுத்துபவர்களும் சந்திக்கும் கூட்டம். திருச்சுழி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தனியாகப் போய்த் தங்குவதா? அதுவும் காசு வராத வேலைக்கு? நான் போகவில்லை.

டெபியன் எனக்குப் புதிதல்ல. 2012-ல் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அதற்கு அடிப்படை டெபியன்தான். 1993-ல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியனுக்கு முதலாளி கிடையாது. உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் அவரவர் வீட்டிலிருந்து எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள். நானும் ஒரு சின்ன மென்பொருளின் திரையில் வரும் வார்த்தைகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் அப்பாவின் கேள்வி நியாயம்தானே? எதற்காக நேரில் கூட வேண்டும்?

தேடிப் படித்தேன். 1999 ஜூன் 4 அன்று, கனடாவின் கால்கரி நகரில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதும் 10 பேர் கூடினார்கள். தகவலை மற்றவர்கள் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்ப அன்று சட்டச் சிக்கல் இருந்தது. அதனால் எல்லைக்கு வெளியே உட்கார்ந்து எழுதினார்கள். 'ஹேக்கத்தான்' என்ற பெயர் முதன்முதலில் ஒட்டிக்கொண்ட கூட்டங்களில் ஒன்று அது. இன்று கல்லூரிகளில் பரிசுப் பணத்துக்கு நடக்கும் போட்டிகளுக்கும் இதே பெயர்தான். ஆனால், அன்று அது போட்டியல்ல, கூட்டு வேலை. 2023 செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு முதல்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு வந்தபோதும் அப்படித்தான். மாநாட்டுக்கு முந்தைய வாரத்தை 'டெப்கேம்ப்' என்று வேலைக்கே ஒதுக்கினார்கள்.

இதையெல்லாம் சொல்லியும் அப்பா மசியவில்லை. மசிய வைத்தது அருப்புக்கோட்டையில் இருக்கும் அம்மாவைப் பெற்ற தாத்தா. கைத்தறி நெசவாளி.

"மாப்பிள்ளை, தறி ஆளுக்கு ஒண்ணு. வீட்டுக்குள்ள தனியா நெய்யலாம். ஆனா, பாவு நீட்டத் தெருவே வரணும். வெயில் ஏறுறதுக்குள்ள கஞ்சி போட்டு, அறுந்த இழையைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போடணும். அங்க கவனிக்காம விட்டா தறியில வந்து நிக்கும். புள்ள பாவு நீட்டத்தானே போறேங்கிறா?"

போன டிசம்பரில் மதுரையில் நாங்கள் 12 பேர் இரண்டு நாள் கூடினோம். அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார்.

அங்கே எனக்கு ஒரு பழைய கோபம் பாக்கி இருந்தது. 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதை நான் 'இலவச மென்பொருள்' என்று எழுதியிருந்தேன். குழுவில் ஒருவர் 'தவறு' என்று ஒரே வார்த்தை போட்டு நிராகரித்திருந்தார். மூன்று மாதம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. மதுரையில் பக்கத்து நாற்காலியில் அவர்தான்!

டீ குடிக்கும்போது கேட்டேவிட்டேன். பதறிப்போனார். "பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல தட்டினேங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றவர் பொறுமையாக விளக்கினார். "இலவசம்னா ஒருத்தர் கொடுக்குறாங்க, நாம வாங்கிக்கிறோம். இதை நாம பிரிச்சுப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம். அந்த உரிமையைச் சொல்லத்தான் 'கட்டற்ற'ங்கிற வார்த்தை."

"எங்க ஊர்ல அது புரியாதே" என்றேன். 'கட்டற்ற' என்று எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் சேர்த்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

என் பழைய போனில் 'கொ' என்ற எழுத்து உடைந்து, கொம்பும் காலும் தனித்தனியாகத் தெரியும். எழுதிச் சொன்னபோது யாருக்கும் விளங்கவில்லை. போனைக் கையில் கொடுத்ததும் ஒருவர் அரை மணி நேரத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டார். விலை குறைந்த பழைய போன் வைத்திருக்கும் எங்கள் ஊர் பெண்களுக்கு இனி அந்த எழுத்து உடையாது.

ஆனாலும், விழுப்புரம் போக முடியாத அந்த இரண்டு நாளை நான் மறக்கவில்லை. என்னைப் போல வீட்டில் நின்றுபோனவர்கள் இந்தக் கரிசல் காட்டில் எத்தனை பேரோ? இப்படிப்பட்ட கூட்டங்கள் சென்னையைத் தாண்டி விழுப்புரம் வந்ததுபோல இங்கேயும் வர வேண்டும். காலையில் வந்து, இருட்டுவதற்குள் பஸ் பிடித்து வீடு போகிற தூரத்தில்.

அருப்புக்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடலாம் என்று இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். தாத்தாவின் தறிக்கூடத்தில் இப்போது ஒரே ஒரு தறிதான் மிச்சம்.

"அதை ஓரமா ஒதுக்கிட்டா இருபது பேர் உக்காரலாம், தாயி" என்கிறார்.