கால வரிசையும் ஆய்வு மனமும்

மொழியியல் நெட் தேர்வில் தவறாமல் இடம்பெறும் வினா வகை ஒன்று உண்டு: சில நூல்களைத் தந்து, அவை வெளிவந்த கால வரிசையில் அடுக்கச் சொல்வது. சசூர் 1916, புளூம்ஃபீல்டு 1933, சாம்ஸ்கி 1957 என்று மனனம் செய்தவருக்கு 2 மதிப்பெண் உறுதி. புளூம்ஃபீல்டு விலக்கிவைத்த மனத்தைச் சாம்ஸ்கி ஏன் மீண்டும் உள்ளே அழைத்தார் என நான்கு பக்கம் எழுத வல்லவருக்கோ அங்கே எழுத இடமே இல்லை. 2012க்கு முன் மூன்றாம் தாளாவது விரித்தெழுதும் தாளாக இருந்தது. இன்று 3 மணி நேரத்தில் 150 வினாக்கள். ஒரு வினாவுக்கு 72 நொடி.

விரிவுரையாளர் தகுதிக்கும் உதவித்தொகைக்குமென அமைந்த இத்தேர்வை, 2024 மார்ச்சில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் வாயிலாக்கியது பல்கலைக்கழக மானியக் குழு. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிட்டாதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு. அம்மதிப்பெண்ணும் சேர்க்கைக்கு ஓராண்டே செல்லும்.

அவ்வாண்டு ஜூன் 18 அன்று 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வெழுதினர். மறுநாள் தேர்வு ரத்தாயிற்று. கசிவுக்குச் சான்றாகக் காட்டப்பட்ட படம் திருத்தப்பட்டது எனப் பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. மறுதேர்வு ஆகஸ்ட் 21இல்தான் தொடங்கியது. ஹைதராபாத்தில் முதுகலை முடித்து, கோலாமி மொழி ஒலிப்பதிவுகளைக் கையில் வைத்திருந்த மாணவி ஒருத்திக்கு அந்த இரண்டு மாதங்கள் விடுதி இல்லாத, உதவித்தொகை இல்லாத மாதங்கள். ஒரு சொல்லின் நெடில் உண்மையிலேயே நெடில்தானா என்று ஒலிப்பதிவை நாற்பது முறை கேட்கும் அவளது பொறுமைக்கு விடைத்தாளில் வட்டமில்லை. எல்லா மொழிகளையும் சமமாகக் கருதும் துறையின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது என்பதையும் அவள் கவனித்திருப்பாள்.

ஆயினும் இத்தேர்வை ஒரே வீச்சில் புறந்தள்ளுவது நேர்மையாகாது. எழுத்துத் தேர்வில் முன்னின்று, நேர்காணலில் மட்டும் ஒற்றை இலக்க மதிப்பெண் பெற்றதாக ஒடுக்கப்பட்ட சமூக மாணவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். கணினி தேர்வரின் பெயரைக் கேட்பதில்லை; ஊரையும் கேட்பதில்லை. அந்தப் பாதுகாப்பை இழந்து பெறும் சுதந்திரம் யாருக்குப் பயன்படும் என்பது அனைவரும் அறிந்ததே.

ஆனால் பெயரை மறைக்கக் கொள்குறி வினாதான் வேண்டும் என்பதில்லை. விடைத்தாளில் பெயரை மறைத்து எண்ணிடும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதன்று. தேர்வர் அறியாத மொழியொன்றின் இருபது சொற்களைத் தந்து, அவற்றில் இயங்கும் ஒலிமாற்ற விதியைக் கண்டுரைக்கச் சொல்லலாம். அதைத் திருத்த ஆசிரியருக்கு நேரம் பிடிக்கும், அரசுக்குச் செலவாகும். ஐந்தாண்டு ஆய்வுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க அந்த நேரத்தைக்கூடத் தர மறுப்பதே இங்குள்ள உண்மையான சிக்கல்.