மலைக்கு ஏற்ற மிதிவண்டி

63 வயதில் மிதிவண்டி வாங்கக் கள்ளக்குறிச்சிக் கடைக்குச் சென்ற நம் கண்கள், மெல்லிய டயர் பூட்டிய பந்தய வண்டியையே நாடின. கச்சிராயபாளையம் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளை நினைத்ததும் முழங்கால் எச்சரித்தது. இளமையில் அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர் நாம். அப்பழைய வண்டியில் மிதியை ஒருமுறை முழுதாய்ச் சுற்றினால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். ஏற்றத்தில் அச்சுமை முழுதும் காலுக்கே. முன்னும் பின்னும் 34 பற்கள் அமைந்த கியரில் ஒரு சுற்றுக்கு ஒரு சுற்றுதான். வேகம் குறையும், மூச்சு மிஞ்சும். கௌரவத்தை விழுங்கி அதையே கேட்டோம். கூடவே எஃகுச் சட்டம், உயர்ந்த கைப்பிடி, காற்றைச் சற்றுக் குறைத்து அடிக்கத்தக்க 32 மி.மீ. டயர்.

இல்லாள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏறிடுவீங்க. இறங்கறப்ப பிரேக் பிடிக்குமா?”

இறங்குவதை நாம் எண்ணவேயில்லை. மறுநாள் மீண்டும் கடைக்குச் சென்றோம்.