நோவை மறைப்பது சப்ர் அல்ல



முரசுமோட்டையில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்த காலம். ஒருநாள் கல்யாணச் சாப்பாடு உண்டு வந்த இரவில், என் மனைவிக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே குத்தத் தொடங்கியது. நோவு முதுகுக்கும் வலத் தோளுக்கும் ஏறியது. "வாய்வுதான், நீங்க படுங்க" என்றாள். ஓமத் தண்ணீர் கொடுத்து, "சப்ர் செய்" என்று சொல்லிவிட்டு நானும் தூங்கிவிட்டேன்.

சுபஹுக்கு எழுந்தபோது, அவள் முந்தானையைக் கடித்தபடி குசினி மூலையில் சுருண்டு கிடந்தாள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓட்டோ பிடித்துத் தர, பரந்தன் வழியாகக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே தாதி கேட்டார்: "நோவே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாதென்றால் 10. உங்களுக்கு எத்தனை?" மனைவி என் முகத்தைப் பார்த்து, "3" என்றாள். தாதி என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். "9" என்ற குரல் திரைக்கு வெளியே எனக்குக் கேட்டது. வெட்கித் தலைகுனிந்தேன்.

வாயால் எதுவும் கொடுக்காமல் சேலைன் ஏற்றினார்கள். மருந்து ஒவ்வாமை உண்டா, கர்ப்பமா என்று கேட்ட பிறகே நோவுக்கு ஊசி போட்டார்கள். அரை மணி கழித்து அதே தாதி வந்து, "இப்போது எத்தனை?" என்று கேட்டார். ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தன.

சகோதரிகளே, கொழுப்புணவு உண்டதும் பித்தப்பை சுருங்கும். அப்போது கல் வாயை அடைத்தால் இந்த நோவு வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். பிள்ளைப்பேறும் ஒரு காரணம். ஓமத் தண்ணீர் கல்லைக் கரைக்காது. நோவு சில மணி நேரம் விடாமல் நின்றாலும், காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளித்தல் சேர்ந்தாலும் உடனே புறப்படுங்கள். பெண் மருத்துவர் இல்லையே என்று தாமதிக்காதீர்கள். அவசியத்துக்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது. நோயாளி நோன்பைப் பிறகு களாச் செய்யலாம்.

பிறகு சத்திரசிகிச்சை நடந்தது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைக்கவும், ஆழ்ந்து மூச்சு விடவும், மெல்ல எழுந்து நடக்கவும் தாதியர் பழக்கினார்கள். வீட்டில் அந்தப் பணியை நான் செய்தேன்.

ஐயூப் நபி (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டுச் சொன்னார்கள். ஆயினும் அவர்களைப் பொறுமையாளர் என்றே அல்லாஹ் புகழ்ந்தான். இதை வகுப்பில் எத்தனையோ முறை பாடமாக நடத்தியவன் நான். என் வீட்டில் அதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு தாதி.

நோவைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டாரும் கேட்கப் பழகட்டும். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக, ஆமீன்.